ஊர் மாறிய குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு

கேள்வி: எங்கள் மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. தஞ்சாவூர் மாவட்டத்தில் என் அம்மா வீட்டில் இருந்தபோது அரசு மருத்துவமனையில் பிறந்தாள். பிறந்தவுடன் போட வேண்டியவை, ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி எல்லாம் அங்கேயே போட்டோம். பிறகு கோயம்புத்தூரில் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றரை மாத ஊசியை இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் போட்டோம். வீடு மாறியதில் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. ஒன்பதாம் மாத ஊசிக்காக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, மூன்றரை மாத ஊசி பதிவில் இல்லையே என்றார்கள். எங்கே போட்டீர்கள், என்ன தேதி, ஆதார், செல்போன் எண் என்று வரிசையாகக் கேள்விகள். விவரத்தைக் கொண்டு வாருங்கள் என்று சொன்னதும், ஊசி போடாமலே திரும்பிவிட்டோம். இதற்கிடையில், அம்மா ஊரின் கிராம செவிலியர் "பாப்பாவுக்கு ஊசி பாக்கி இருக்கிறது" என்று போன் செய்துகொண்டே இருக்கிறார். இலவச ஊசிக்கு ஏன் இத்தனை விசாரணை, இனி எல்லாவற்றையும் தனியாரிலேயே போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மூன்றரை மாத ஊசியை மறுபடியும் போட வேண்டுமா? எங்கள் விவரங்களை இப்படிச் சேகரிப்பது சரிதானா?

– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. வரும் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி உங்கள் மகளுக்கு இன்னும் போடப்படவில்லை. ஒரு வயது நிறைவதற்குள் அதைப் போட்டாக வேண்டும். அதே நாளில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியின் ஊக்கத் தவணையும், போலியோ ஊசியின் மூன்றாவது தவணையும், வைட்டமின் ஏ திரவமும் உண்டு. இவற்றில் எதையும் போடுவதற்கு மூன்றரை மாத ஊசியின் ரசீது தேவையில்லை. பதிவு கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு குழந்தையை ஊசி போடாமல் திருப்பி அனுப்பக் கூடாது. உங்களுக்கு நடந்தது தவறு. மறுபடியும் அப்படிச் சொன்னால், அங்குள்ள மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். நோயாளியின் அருகில் இருக்கும் தடுப்பாற்றல் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் பிடித்துக்கொள்ளும். கைக்குழந்தைகளை நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி மூன்றரை மாத ஊசிக்கு வருவோம். அந்தக் கிளினிக்கின் பதிவேட்டில் உங்கள் மகளின் பெயர் இருக்கும். எந்தத் தேதியில், எந்த மருந்து, எந்த நிறுவனத்துடையது, குப்பியின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) என்ன என்ற நான்கையும் அவர்களுடைய தாளில் எழுதி, முத்திரையிட்டு வாங்குங்கள். அதைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள், தயங்காமல் கேளுங்கள். தனியாரில் மூன்றரை மாதத்தில் பெரும்பாலும் போடுவது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. அரசு போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் உள்ள தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றோடு போலியோவும் சேர்ந்தது அது. ஆகவே அந்த ஒரே ஊசியை அரசுப் பதிவில் இரண்டு இடங்களில் குறிக்க வேண்டும். ஐந்து நோய்த் தடுப்பூசி மூன்றாம் தவணை என்று ஒன்று, போலியோ ஊசி என்று ஒன்று. பெயர் வேறாக இருப்பதால் பதிவு செய்பவர் குழம்ப வாய்ப்புண்டு. பக்கத்தில் நின்று காட்டிச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் மூன்றாம் தவணையை அந்தக் கிளினிக்கில் கொடுத்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த மருந்துக்கு வயது முக்கியம் என்பதால், விடுபட்டிருந்தால் மருத்துவ அலுவலரிடம் இப்போதே சொல்ல வேண்டும்.

கிளினிக்கிலிருந்து எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்த ஊசியைப் போடாததாகவே கருதி மீண்டும் போடுவதுதான் முறை. ஏற்கெனவே போட்டுக்கொண்ட குழந்தைக்கு இன்னொரு தவணை கூடுதலாகப் போவதால் பெரிய தீங்கு இல்லை. ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கலாம், ஒரு நாள் காய்ச்சல் வரலாம். போடாத ஊசியைப் போட்டதாக நம்பிக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து. நினைவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். "கிளினிக்கில் ஏதோ இரண்டு ஊசி போட்டார்கள்" என்று நூற்றுக்கணக்கான தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த இரண்டு என்று அவர்களால் சொல்ல முடிந்ததில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

தொலைந்த அட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் கருவுற்றிருந்தபோதே உங்களுக்குப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். மக்கள் அதை பிக்மி எண் என்பார்கள். பிறப்புப் பதிவின்போதும் அந்த எண்ணைக் கேட்டிருப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் காகிதங்களிலும் இருக்கும். எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், தஞ்சாவூரில் போட்ட ஊசிகளின் தேதிகள் கோயம்புத்தூரில் இருந்தே தெரியும். எண் கிடைக்காவிட்டால், அப்போது நீங்கள் கொடுத்த செல்போன் எண்ணை வைத்துத் தேடலாம். எந்த எண்ணைக் கொடுத்தீர்கள், உங்களுடையதா, உங்கள் அப்பாவுடையதா என்று வீட்டில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். பல குடும்பங்களில் இந்த இடத்தில்தான் தேடல் முட்டி நிற்கிறது.

உங்கள் கணவரின் கோபத்துக்கு நான் நேராகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி. இலவசமாகப் போடும் ஊசிக்கு எதற்குப் பெயர், ஊர், எண்?

நம் நாட்டில் 1985 முதல் பொதுத் தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. வெகுகாலம் அதன் கணக்கு வெறும் கோடுகளாகத்தான் இருந்தது. ஒரு குழந்தைக்கு ஊசி போட்டால் செவிலியர் தாளில் ஒரு கோடு போடுவார். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி மேலே அனுப்புவார். எத்தனை ஊசி போட்டோம் என்று அதில் தெரியும். யாருக்குப் போடவில்லை என்று தெரியாது. நம் ஊர்களில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள்; பிள்ளை அங்கே பிறந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டுக்கு வரும். தாய்வீட்டுக் கணக்கில் குழந்தைகளைவிட ஊசிகள் அதிகமாகி நூறு சதவீதத்தைத் தாண்டும். கணவன் வீட்டுப் பக்கம் குறையும். இரண்டையும் கூட்டினால் மாவட்டம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். நடுவில் விடுபட்ட குழந்தை எந்தக் கோட்டிலும் இருக்காது.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. தேசிய குடும்ப நல ஆய்வு வீடு வீடாகச் சென்று அட்டையைப் பார்த்தும் தாயைக் கேட்டும் எடுக்கப்படுவது. அதன்படி தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் போடப்பட்ட குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம்; 2015–16இல் 69.7 சதவீதம். பத்தாண்டில் முன்னேற வேண்டிய மாநிலம் பின்னுக்குப் போயிருந்தது. அதே காலத்தில் சுகாதாரத் துறையின் மாதாந்திரக் கணக்குகள் இந்த அளவு சரிவைக் காட்டவில்லை. 2019–21இல் 89.2 சதவீதத்துக்கு ஏறிவிட்டோம். ஆனாலும் அந்தச் சரிவை நான் எளிதில் மறக்க மாட்டேன். ஊசிகளை எண்ணிக்கொண்டு குழந்தைகளை எண்ணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2008 முதல் கர்ப்பிணியையும் குழந்தையையும் பெயர் சொல்லிப் பின்தொடரும் பதிவு தொடங்கியது. அதுதான் உங்கள் பிக்மி எண். அது மாநில எல்லைக்குள் நிற்கும் ஏற்பாடு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும், திருவள்ளூரில் செங்கல் சூளைக்கும் வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் குடும்பங்களின் குழந்தைகள் அதில் முழுமையாக அடங்க மாட்டார்கள். சூளை வேலை முடிந்ததும் ஊருக்குப் போவார்கள், அடுத்த பருவத்தில் வேறு மாவட்டத்துக்கு வருவார்கள். பிறந்த ஊரின் செவிலியருக்கும் சூளை இருக்கும் ஊரின் செவிலியருக்கும் நடுவில் தொடர்பே இராது. கொரோனா தடுப்பூசிக்கு வந்த கோவின் தளத்தைப் போல, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமாக மத்திய அரசு உருவாக்கிய யு-வின் இந்த இடைவெளியை அடைக்க வந்தது. 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. எந்த ஊரில் பதிவு செய்தாலும் இன்னொரு ஊரில் திறந்து பார்க்கலாம். அடுத்த தவணைக்கு முன்னால் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். சான்றிதழை நீங்களே பதிவிறக்கிக்கொள்ளலாம். நீங்கள் தொலைத்த அட்டைக்கு இது காப்பு. சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது இதிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிவேட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பெற்றோர் பார்ப்பதில்லை. இந்த ஊசிகளை மத்திய அரசு பொதுப் பணத்தில் வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய நான்கு ஊர்களின் பெருங்கிடங்குகள் வழியாக வந்து, மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு என்று இறங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டிக்கு வந்து சேரும். வழியெங்கும் 2 முதல் 8 டிகிரி வரை குளிர் இருக்க வேண்டும். சூடு ஏறினால் கெடும். சில மருந்துகள் உறைந்தாலும் கெடும், ஐந்து நோய்த் தடுப்பூசியும் அவற்றில் ஒன்று. 2015இல் தொடங்கிய இ-வின் என்ற ஏற்பாடு இந்தப் பெட்டிகளின் குளிரையும் கையிருப்பையும் கண்காணிக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் போய்ப் பெட்டி சூடானால் பொறுப்பாளரின் செல்போனுக்குத் தகவல் போகும். எந்த நிலையத்தில் எத்தனை குப்பி இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். ஆனால் குப்பி திறந்த பிறகு மருந்து எந்தக் குழந்தையின் உடம்புக்குள் போனது என்பதைக் குழந்தைப் பதிவேடுதான் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். ஓர் ஊரில் குப்பி வேகமாகத் தீர்ந்து, குழந்தைகளின் பெயர் ஏறாமல் இருந்தால், வீணாகிறதா, பதிவு தாமதமா என்று கேட்கலாம். குப்பி நிறைய இருந்து பெயர் ஏறாவிட்டால், அந்தத் தெருக்களுக்குப் போக வேண்டும் என்று புரியும்.

அடுத்த முறை போகும்போது செவிலியரின் கையைக் கவனியுங்கள். குப்பியை எடுத்ததும், மருந்தில் சூடு ஏறியதா என்று காட்டும் சிறு வட்டத்தை அதன் மேல் பார்ப்பார். வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. வட்டத்தின் நிறத்தையே எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா மருந்து பொடியாக வரும். அதற்கென்று வந்த நீர்மத்தைக் கலந்ததும் நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவார். நான்கு மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய முகாம் முடிவதற்குள், எது முந்துகிறதோ அதற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை வைத்திருக்கக் கூடாது. இந்தக் காரணத்தால், "ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்க வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் வழிகாட்டுதல். அதனால் வரும் வீணாக்கத்தையும் சேர்த்தேதான் மருந்தின் தேவை கணக்கிடப்படுகிறது.

தொகுதி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் வெகுகாலம் கிராமங்களில் நேரில் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டியிருந்தது. மக்களின் பயமும் கூடியது. இப்படி ஏதாவது நடந்தால் அன்றே கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தொகுதி மருந்து வேறு யாருக்குப் போடப்பட்டது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது. பெயரும் எண்ணும் பதிவில் இருந்தால் சில மணி நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டலாம். இல்லாவிட்டால் வதந்திதான் முதலில் வீட்டுக்கு வரும். உங்கள் செல்போன் எண்ணை நாங்கள் கேட்பதற்கு என் மனதில் உள்ள முதல் காரணம் இதுதான்.

ஆனால் தகவல் பாதுகாப்பு பற்றிய உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2023 ஜூனில், கோவினில் கொடுத்த விவரங்கள் டெலிகிராம் செயலியில் யார் கேட்டாலும் கிடைத்ததாகச் செய்தி வந்தது. தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று அரசு சொன்னது. இருந்தாலும் மக்கள் மனதில் விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. ஊசிப் பதிவேட்டை நம்பச் சொல்லும் அரசு, அதைப் பூட்டி வைப்பதிலும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் பங்குக்கு, செவிலியரிடமும் பதிவு செய்பவரிடமும் மட்டும் விவரம் கொடுங்கள். போனில் அழைத்து ஓடிபி கேட்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆதார் கேட்டால் கொடுக்கலாம், கொடுக்க விருப்பமில்லை என்றும் சொல்லலாம். ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் ஊசி மறுக்கப்படக் கூடாது.

அம்மா ஊரின் செவிலியர் மீது சலிப்படையாதீர்கள். ஒவ்வொரு வாரமும் அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யார் யாருக்கு ஊசி நாள் வந்துவிட்டது என்று அதில் பெயர்கள். உங்கள் மகள் பெயர் இன்னும் அவருடைய பட்டியலில்தான் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் ஊர் மாறியதை யாரும் பதிவில் மாற்றவில்லை. அவர் போனைத் துண்டிக்காமல், "கோயம்புத்தூர் வந்துவிட்டோம், மூன்றரை மாத ஊசி இங்கே போட்டோம், இந்த நிலையத்துக்கு மாற்றிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். பகலெல்லாம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து ஒரே விவரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் ஏற்றும் செவிலியர்களை எனக்குத் தெரியும். ஊசி போட்ட இடத்திலேயே, அப்போதே பதிவு செய்ய வசதியும் ஆளும் கொடுக்காமல் அவர்களைக் குறை சொல்வது அநியாயம். பதிவுகள் விடுபடுவதில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால்தான் வருகிறது. மிச்சம் தனியார் கிளினிக்குகளால் வருகிறது. அவர்கள் போடும் ஊசியும் இந்த மாநிலத்தின் குழந்தைக்குத்தான் போகிறது. அதைப் பொதுப் பதிவில் ஏற்றுவதை அவர்கள் தங்கள் வேலையாகக் கருத வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் தனியாரிலேயே போடலாமா என்ற கேள்வி. போடலாம், தவறில்லை. ஆனால் ஆறு நோய்க் கூட்டு ஊசிக்கும் நிமோகாக்கல் ஊசிக்கும் தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பீர்கள். நிமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு நிலையங்களிலும் இலவசம். தட்டம்மை–ரூபெல்லா ஊசி இரண்டு இடத்திலும் அதே பாதுகாப்பைத்தான் தருகிறது. கோபத்தில் முடிவெடுக்காமல், பணத்தையும் தூரத்தையும் பார்த்து முடிவெடுங்கள். எங்கே போட்டாலும், அன்றே அட்டையிலும் யு-வின்னிலும் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்த நேரம் இதற்குப் போதும்.

புதிய அட்டை வாங்கும்போது, 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும், முத்தடுப்பு ஊக்க ஊசிக்கும், போலியோ சொட்டு மருந்துக்கும் உரிய தேதியை அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து உங்கள் செல்போனிலும் கணவர் செல்போனிலும் வைத்திருங்கள். மகப்பேறு நிதியுதவியில் ஏதேனும் தவணை பாக்கி இருந்தால் அதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்தத் தவணைகள் குழந்தையின் ஊசிப் பதிவோடு இணைக்கப்பட்டவை.